9. ஹேண்டில்பார் முறிந்த பிறகு

காய்ந்த தென்னை மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தால் ஒரு சத்தம் வருமே, அது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. விழுந்தது நினைவில் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பாலம் தாண்டி, விடிந்தும் விடியாத நேரம். வேகம் பிடிக்க பெடலில் எழுந்து நின்று மிதித்தேன். ஹேண்டில்பாரின் வலது பாதி கையோடு வந்துவிட்டது. அடுத்து நான் பார்த்தது கண்ணுக்கு மிக அருகில் தார் ஜல்லியும், யாருடையதோ ஒரு ஜோடி ரப்பர் செருப்பும்.

நாயோ ஆட்டோவோ குறுக்கே வந்து விழுந்தவருக்குத் திட்டுவதற்கு ஓர் ஆளாவது கிடைக்கும். சொந்த வண்டி நடுரோட்டில் கைவிட்டு விழுந்தவருக்கு அதுவும் இல்லை. அவருடைய பயம் ரோட்டின் மேல் வருவதில்லை. தினமும் துடைத்து எண்ணெய் விட்ட வண்டியின் மேல் வருகிறது. எலும்பு கூடுவதற்கு ஒரு கணக்கு உண்டு, டாக்டர் சொல்வார். வண்டி மேல் நம்பிக்கை திரும்புவதற்கான கணக்கை யாரும் எழுதித் தருவதில்லை. எது முறிந்தது, ஏன் முறிந்தது என்று கண்ணால் பார்க்காதவரை அது திரும்பாது என்பது என் அனுபவம். அதனால் இந்த அத்தியாயத்தில் உடம்பு வைத்தியமும் வண்டி வைத்தியமும் கலந்தேதான் வரும்.

ரோட்டோரத்தில்

விழுந்ததும் எழுந்துவிடத்தான் உடம்பு துடிக்கும். பாதிக் காரணம் வெட்கம். கழுத்து வலித்தாலோ, கை கால் மரத்திருந்தாலோ அப்படியே கிடங்கள். பின்னால் வரும் வண்டிகளைத் திருப்பிவிடுவதைக் கூட வந்தவர் பார்த்துக்கொள்ளட்டும். தலையில் அடி பட்டதற்கு நினைவு தப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் சரியாக எழாத தூக்கம், ஒரு பக்கக் கை கால் சோர்வது, கேட்டதையே திரும்பக் கேட்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். “எவ்ளோ கிலோமீட்டர் ஆச்சு?” என்று நான் கூட வந்த நண்பரிடம் நான்கு தடவை கேட்டேனாம். மூன்றாவது தடவை வரைக்கும் நான் காமெடி பண்ணுவதாகவே அவர் நினைத்திருக்கிறார்.

108-க்கு அழையுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது. திட்டத்தில் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. சேரும்போதே அதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் ‘சைக்கிளிலிருந்து தவறி விழுந்தார்’ என்று எழுதி முடித்துவிடப் பார்ப்பார். ‘ஓட்டும்போது ஹேண்டில்பார் முறிந்து விழுந்தார்’ என்று எழுதச் சொல்லுங்கள். பின்னால் இன்சூரன்சுக்கும், தேவைப்பட்டால் நுகர்வோர் ஆணையத்துக்கும், அந்த ஒரு வரிதான் பேசும்.

இன்னொரு வேலை இருக்கிறது. அடிபட்டவரால் முடியாது, நண்பர்தான் செய்ய வேண்டும். வண்டி கிடந்த கோலத்திலேயே நாலைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முறிந்த துண்டுகள் இரண்டையும் தேடி எடுத்து, தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். கழுவ வேண்டாம். முக்கியமாக, ‘இப்படித்தான் உடைஞ்சிருக்கு பாரு’ என்று இரண்டையும் ஒட்டவைத்துப் பார்க்காதீர்கள். அந்த முனையில் சாட்சி இருக்கிறது. உரசினால் அழிந்துவிடும்.

சிராய்ப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஓடும் தண்ணீரில், வலித்தாலும், மண் போகும்வரை கழுவுங்கள். உள்ளே தங்கும் கருமண் பச்சை குத்தியது போல நின்றுவிடும். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். காற்றாட விட்டுப் பொருக்குக் கட்ட வைப்பதைவிட, ஈரம் காயாமல் காக்கும் டிரெஸ்ஸிங் போட்டால் சீக்கிரம் ஆறும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று டாக்டர் கேட்பார், யோசித்து வையுங்கள்.

காரை எலும்பும் மூக்குப்பொடிக் குழியும்

சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்கு அடிக்கடி உடைவது காரை எலும்பு. தோள் நேராகத் தரையில் மோதினாலும், கையை நீட்டி ஊன்றினாலும், அடி அங்கேதான் போய்ச் சேரும். பெரும்பாலும் எலும்பின் நடுப்பகுதியில் உடையும். பாதிப் பேருக்கு மேல் கையைத் தூளியில் தொங்கவிட்டாலே கூடிவிடும். பெரியவர்களுக்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். உடைந்த முனை தோலைக் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நின்றாலோ, வெளியே வந்துவிட்டாலோ, நரம்போ ரத்தக்குழாயோ அடிபட்டிருந்தாலோ ஆபரேஷன்தான். எலும்பு பல துண்டாகி, முனைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குட்டையாகியிருந்தால் பிளேட் வைப்பதைப் பற்றி டாக்டரே பேசுவார். அவர் பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள்: எத்தனை துண்டு, எவ்வளவு ஏறியிருக்கிறது, ஆபரேஷன் செய்யாமல் விட்டால் கூடாமல் போக எவ்வளவு வாய்ப்பு. ‘உங்க இஷ்டம்’ என்ற பதிலோடு வெளியே வந்துவிடாதீர்கள்.

எனக்கு வலது காரை எலும்பு மூன்று துண்டு. பிளேட்டும் திருகுகளும் வைத்தார்கள். தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு இன்றைக்கும் உணர்ச்சி இல்லை. அங்கே தோலுக்கு வரும் மெல்லிய நரம்புகள் கத்தியில் அறுபட்டுப் போவது சகஜம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தால், முதல் மாதம் தேவையில்லாமல் பயந்திருக்க மாட்டேன்.

இனி சொல்லப்போவதற்கு இந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துக்கொண்டாலும் தகும். கட்டைவிரலை நன்றாக விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டை ஒட்டி, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி வைக்கிற அளவுக்குக் குழி விழும். கையை ஊன்றி விழுந்தவருக்கு அந்தக் குழியை அமுக்கினால் வலிக்கிறது என்றால், முந்திரிப் பருப்பு அளவுள்ள ஸ்கேஃபாய்டு எலும்பு உடைந்திருக்கலாம். முதல் நாள் எக்ஸ்ரேயில் அது பல நேரம் தெரியாது. ‘ஒண்ணுமில்ல, சுளுக்கு’ என்று அனுப்பிவிடுவார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் வருவதே குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய், சில வருஷத்தில் மணிக்கட்டுத் தேய்ந்துவிடும். என் இடது கைக்கு முதல் எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. டியூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர் விடவில்லை. “எக்ஸ்ரேல இல்லன்னாலும் பரவால்ல சார், வலி அங்கதான் இருக்கு” என்று கட்டைவிரலையும் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டார். பன்னிரண்டாம் நாள் மறு எக்ஸ்ரேயில் தலைமுடி மாதிரி ஒரு கோடு.

ஐம்பது வயதைத் தாண்டியவர் இடுப்பில் விழுந்து, நடக்க முடிகிறதே என்று வீட்டுக்கு வந்தபின் தொடை இடுக்கில் வலி நிற்கவில்லை என்றால், அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள். தொடை எலும்பின் கழுத்தில் கீறல் விழுந்தவர்கள் நடந்துகொண்டுதான் இருப்பார்கள், அது விலகும்வரை.

புத்தூர் கட்டு

மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார். ஆர்லிக்ஸ் பாட்டிலைக் கட்டில் மேல் வைத்த கையோடு ஆரம்பித்தார். “ஆபரேஷன்லாம் எதுக்குப்பா பண்ணீங்க? புத்தூர் போயி ஒரு கட்டுக் கட்டியிருந்தா பதினஞ்சு நாள்ல சைக்கிள் ஓட்டிருக்கலாம்.”

திருத்தணி தாண்டி, திருப்பதி போகிற வழியில் இருக்கிறது அந்தப் புத்தூர். அதன் பெயரில் தமிழ்நாட்டில் பலகை தொங்காத ஊர் குறைவு. நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். பெரியப்பாவின் காரை எலும்பு அங்கே கட்டித்தான் கூடியது. விஷயம் என்னவென்றால், விலகாத காரை எலும்பும் விலா எலும்பும் யார் கட்டினாலும் கூடும், கட்டாவிட்டாலும் கூடும். அந்த வெற்றியை நம்பி மணிக்கட்டு, முழங்கை, இடுப்பு மாதிரி மூட்டை ஒட்டிய முறிவுகளையோ, தோல் கிழிந்த முறிவையோ அங்கே கொண்டுபோகும்போதுதான் கை கால் கோணிப்போகிறது. முதலில் எக்ஸ்ரே, அதைப் பார்க்க ஓர் எலும்பு டாக்டர். அதற்கப்புறம் எங்கே போவது என்பது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்து.

கட்டு எதுவானாலும், மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டே ஆனாலும், விரல் நீலமாவது, சில்லிட்டுப் போவது, மரப்பது, விரலை யாராவது நீட்டிவிட்டால் உயிர் போகிற மாதிரி வலிப்பது இவை இறுக்கத்தின் அடையாளம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் போய்க் கட்டைப் பிரித்துவிட வேண்டும். தசைக்குள் ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரம்தான் அவகாசம்.

இரண்டு கையும் இல்லாத ஆறு வாரம்

வலது கை தூளியில், இடது கை மாவுக்கட்டில். சாப்பாட்டு நேரம் வந்தது. இடது விரல் நுனிகள் வெளியே இருந்ததால் ஸ்பூன் பிடித்துப் பார்த்தேன். அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தட்டைப் பிடுங்கிக்கொண்டார். நாற்பத்தோரு வயதில் ரசம் சாதத்தைப் பிசைந்து ஊட்டினால் எப்படி இருக்கும் என்று எந்த டிஸ்சார்ஜ் சம்மரியிலும் எழுதியிருக்காது. முதல் இரண்டு நாள் கூச்சம். அப்புறம் “ஊறுகாய் கொஞ்சம்” என்று கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். முன்பக்கம் பட்டன் வைத்த, ஒரு சைஸ் பெரிய, பழைய சட்டைகளை எடுத்து வையுங்கள். டி-ஷர்ட்டை மறந்துவிடுங்கள். லுங்கியைவிட இலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டை மேல். தட்டையாகப் படுத்தால் காரை எலும்பு இழுக்கும். நான் இரண்டு வாரம் அப்பாவின் சாய்வு நாற்காலியில், முழங்கைக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினேன். நம் ஊர் வியர்வையில் தூளிக்குள் அக்குள் வெந்து புண்ணாகும். தினமும் கையை மெல்ல எடுத்துத் துடைத்து, உலர்ந்தபின் பருத்தித் துணி ஒன்றை மடித்து இடையில் வைக்கலாம்.

விரல்களையும் முழங்கையையும் கட்டுக்குள் அடங்காத அளவு முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். தோளுக்கு டாக்டர் சரி சொன்னதும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில், பிசியோ முதலில் தருவது ஊசல் பயிற்சி. நல்ல கையைச் சாப்பாட்டு மேசையில் ஊன்றிக் குனிந்து நின்றால், அடிபட்ட கை கிணற்றுக் கயிற்று வாளி மாதிரி தொங்கும். உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக ஆடும். கையை நீங்கள் ஆட்டக் கூடாது, அதுதான் சூட்சுமம். என்னால் இடது கையை ஊன்ற முடியாததால் நெற்றியைக் குளிர்சாதனப் பெட்டியில் முட்டுக்கொடுத்துச் செய்தேன். பார்க்கச் சகிக்காது, வேலை நடந்தது. ஆறு வாரம் வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்கவோ, எதையும் சுமக்கவோ வேண்டாம் என்பதுதான் வழக்கமான எல்லை. மறுபக்கம், வலிக்குப் பயந்து தோளை அசைக்காமலே வைத்திருந்தவர்களுக்குத் தோள் உறைந்து, எலும்பு கூடியபின் ஆறேழு மாதம் இழுத்தடித்திருக்கிறது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எலும்பு கூடப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முள்ளோடு தின்கிற நெத்திலியும் நல்லது. ஆட்டுக்கால் சூப் ருசிக்காகக் குடியுங்கள். எலும்பைக் கொதிக்கவைத்தால் அதில் உள்ள சுண்ணாம்பு தண்ணீரில் பெரிதாக இறங்குவதில்லை. சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதமாக்கும், இது நன்றாக நிறுவப்பட்ட விஷயம். விட ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை. கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தமாக இருக்கலாம்.

எப்போது மிதிக்கலாம் என்பதுதான் எல்லோரும் கேட்பது. ஆஸ்திரேலியர் மேத்யூ ஹேமன் 2016 பிப்ரவரி கடைசியில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பை உடைத்துக்கொண்டார். வீட்டு கராஜில் டிரெய்னரில் வண்டியைப் பொருத்தி மிதித்துக்கொண்டே இருந்து, ஏப்ரல் 10 அன்று பாரி–ரூபே பந்தயத்தை வென்றார். சைக்கிள்காரர்கள் வீடு வீடாகச் சொல்லும் கதை இது. நான் இதற்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வைப்பேன். 2003 ஜூலை 14, டூர் தெ பிரான்ஸ். காப் நகருக்கு இறங்கும் சாலையில் வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ஸ்பெயின்காரர் ஹோசேபா பெலோக்கியின் பின்சக்கரம் பூட்டி வழுக்கியது, டயர் ரிம்மிலிருந்து பிய்ந்து வந்தது. தொடை, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் போயின. அதற்கு முந்தைய மூன்று டூர்களிலும் முதல் மூன்று இடத்துக்குள் வந்தவர், அதன் பிறகு ஒரு தடவைகூட அந்த மேடைக்குத் திரும்பவில்லை. ஹேமனுக்கு உடைந்தது ஓர் எலும்பு. அவருடைய நாட்காட்டியைப் பார்த்து உங்கள் தொடை எலும்புக்குத் தேதி குறிக்காதீர்கள்.

டிரெய்னர் நல்லதுதான். தையல் பிரித்து, டாக்டர் ஒப்புக்கொண்டபின், நிமிர்ந்து உட்கார்ந்து, கையை ஹேண்டில்பாரில் ஊன்றாமல், இருபது நிமிஷம். மின்விசிறி நேர் எதிரே இருக்கட்டும், வழுக்கி விழாமல் ஏற ஒரு ஸ்டூல். தலையில் அடிபட்டிருந்தால் முதல் ஓரிரு நாள் அதுவும் வேண்டாம். செல்போன் திரையையும் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெல்ல ஏற்றும்போது தலைவலியோ கிறுகிறுப்போ கூடினால் ஒரு படி இறங்கிவிட வேண்டும்.

முறிந்த முனை

நான்காம் வாரம் நண்பர் அந்தத் துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்தார். அதுவரை நான் மனசுக்குள் கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் எழுதி வைத்திருந்தேன், காற்புள்ளி அரைப்புள்ளியோடு. எங்கள் ஏரியா மெக்கானிக்கையும் அழைத்திருந்தேன். இருபது வருஷம் லேத்தில் நின்றவர். ஜன்னல் ஓரம் போய், முறிந்த முனையை வெயிலுக்குத் திருப்பி, பையில் இருந்த பூதக்கண்ணாடியில் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கண்ணாடியை எனக்குப் பிடித்துக் காட்டினார்.

வட்டமான குழாய் முனையில் இரண்டு நிறம். மேல்பக்கம் மூன்றில் ஒரு பங்குக்குப் பிறை மாதிரி ஒரு பகுதி, மங்கிய சாம்பல் நிறத்தில், வழவழப்பாக. அதற்குள் மெல்லிய வளைகோடுகள் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன, அலை பின்வாங்கும்போது மணலில் விட்டுப்போகும் வரிகள் போல. மீதி முழுவதும் உப்புக்கல்லை உடைத்தது போலச் சொரசொரப்பாக, பளபளவென்று.

“பளபளன்னு இருக்குது பாருங்க, அதுதான் அன்னிக்குக் காலைல உடைஞ்சது. இந்தக் கருப்பு இருக்குதே சார், இது மாசக்கணக்கா உடைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு.”

உலோகக் களைப்பு என்பது இதுதான். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு அழுத்தத்திலும் விரிசல் முடியளவு நகர்கிறது. காற்றும் வியர்வையும் உள்ளே போய் அந்த இடம் கருக்கிறது. மிச்சமிருக்கும் உலோகம் தாங்காத ஒரு நாளில் பட்டென்று போகிறது. இரும்புக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குக் கீழான அழுத்தத்தை எத்தனை லட்சம் தடவை கொடுத்தாலும் தாங்கும், மீறினால் பெரும்பாலும் முதலில் வளையும், முனகும். தாத்தாவின் ஹெர்குலிஸ் அப்படித்தான் வளைந்து வளைந்தே நாற்பது வருஷம் ஓடியது. அலுமினியத்துக்கு அந்த மாதிரி எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். கார்பன் இன்னும் மோசம், உள்ளே பிளந்திருந்தாலும் வெளிப் பெயின்ட் சிரித்துக்கொண்டிருக்கும்.

பிறை எங்கே தொடங்குகிறது என்று மெக்கானிக் நகத்தால் காட்டினார். ஹேண்டில்பாரை நடுவில் கவ்வுகிற ஸ்டெம்மின் விளிம்பு இருந்த இடம். அங்கே சுற்றி ஒரு கீறல், மோதிரம் போட்ட தடம் மாதிரி. எனக்கு உடனே ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்னால் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் மேலே திருப்பலாம் என்று, நான்கு போல்ட்டையும் முழுசாகத் தளர்த்தாமல், கையால் முறுக்கித் திருப்பியது நான். திருப்பியபின் ‘இருக்கட்டும்’ என்று ஆலன் கீயில் ஒரு குழாயை மாட்டி இன்னும் கால் சுற்று இறுக்கியதும் நான். பெரும்பாலான ஸ்டெம்களில் 5 நியூட்டன் மீட்டர் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பத்து சென்டிமீட்டர் ஆலன் கீயின் நுனியில் ஐந்து கிலோ தொங்கினால் வரும் முறுக்கு, அவ்வளவுதான். நான் கொடுத்தது அதைப்போல மூன்று மடங்காவது இருக்கும்.

கைப்பிடி டேப்பையும் பிரித்தோம். பிரேக் லீவர் கவ்வியிருந்த இடத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. வியர்வை உப்பும் கடற்காற்றும் அலுமினியத்தைத் தின்ற மிச்சம். நாலு வருஷமாக அந்த டேப்பின் மேலேயே புது டேப் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நோட்டீஸ் மனசிலேயே கிழிந்தது. அவமானமாக இருந்தது உண்மைதான். ஆனால் அன்று ராத்திரிதான், விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அந்தச் சத்தம் கேட்டு விழிக்காமல் தூங்கினேன்.

உங்கள் கதை வேறாக இருக்கலாம். கீறலே இல்லாத இடத்தில், வெல்டிங் ஓரத்தில், வாங்கி ஆறே மாதத்தில் முறிந்திருந்தால் பொருளின் குறையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது துண்டுகளைக் கடையிலோ கம்பெனியிலோ ஒப்படைத்துவிடாதீர்கள், காட்டுங்கள், படம் கொடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளால் உடம்புக்கு வந்த சேதத்துக்கும் இழப்பீடு கேட்கலாம். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ரசீது, விபத்துப் பதிவேட்டு நகல், எக்ஸ்ரே, அந்தத் துணிப்பொட்டலம், இவை கையில் இருக்கட்டும்.

மற்ற முறிவுகளைப் பார்க்கும் இடங்கள்: கிராங்கில் பெடல் மாட்டும் துளையைச் சுற்றி, சீட் கம்பி ஃபிரேமுக்குள் நுழையும் இடம், ஃபோர்க்கின் மேல்தண்டு. 2006 பாரி–ரூபேயில் அமெரிக்கர் ஜார்ஜ் ஹின்கேப்பிக்கு அந்தத் தண்டு ஓடும்போதே முறிந்தது. திருப்ப எதுவும் இல்லாத ஹேண்டில்பாரோடு கருங்கல் பாதையில் போய் விழுந்து தோள்மூட்டு விலகியது. அன்றே முன்னதாக ஒரு தடவை விழுந்ததில் தண்டு அடிபட்டிருக்கலாம் என்று பேசினார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்ட் 2 அன்று, ஆஸ்திரேலிய அணியின் அலெக்ஸ் போர்ட்டருக்கு மரத்தள ஓடுபாதைப் பந்தயத்தில் ஹேண்டில்பாரே கழன்று கையோடு வந்தது, முகம் தரையில் தேய்ந்தது. உலகத்திலேயே கவனமாகப் பராமரிக்கப்படும் வண்டிகளில் அதுவும் ஒன்று. இதை நான் ஆறுதலுக்காக நினைத்துக்கொள்வதுண்டு.

மறுபடி ஏறுவது

விழுந்த வண்டியில் உடைந்தது ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டக் கூடாது. ஹெல்மெட் ஒரு தடவை அடி வாங்கினால் அதன் வேலை முடிந்தது, வெளியே கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். ஃபோர்க்கைக் கழற்றி மேல்தண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் கியரைத் தாங்கும் சின்னக் கொக்கி உள்பக்கம் வளைந்திருக்கலாம். அப்படியே விட்டால் மிக லேசான கியரில் போக்ஸ் கம்பிக்குள் மாட்டி இரண்டாவது விபத்தைக் கொண்டுவரும். புது ஹேண்டில்பாருக்கு, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் உள்ள கடைதான். அதை எடுக்காமல் ‘கை பழக்கம் சார்’ என்று சொல்கிற கடையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

உடம்பு தயாரா என்பதற்கு வாரக் கணக்கைவிட நல்ல சோதனைகள் உண்டு. எலும்பு கூடியதாக எக்ஸ்ரே சொல்ல வேண்டும். சுவரில் கையூன்றிப் பத்து தண்டால் வலிக்காமல் எடுக்க வேண்டும். இரண்டு தோளுக்கு மேலும் திரும்பிப் பின்னால் பார்க்க வேண்டும். நின்ற வண்டியில் இரண்டு பிரேக்கையும் திடீரென்று இறுகப் பிடிக்க வேண்டும். எனக்கு இது பதினொன்றாம் வாரம் கூடிவந்தது. மணிக்கட்டுக்கு இன்னும் மூன்று வாரம் பட்டை.

முதல் சவாரி அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், எட்டே சுற்று. கால் மறக்கவில்லை. காதுதான் தொந்தரவு. ஒவ்வொரு ‘டிக்’குக்கும் வயிறு கலங்கியது. இதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான்: சத்தம் வந்தால் இறங்கி, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மறுபடி ஏறாதீர்கள். முதல் வாரத்தில் நான் கண்டுபிடித்தவை தண்ணீர் பாட்டில் கூடு, தளர்ந்த மட்கார்டு திருகு, என் சொந்த முழங்கால்.

புறப்படும் முன் ஒரு நிமிஷம். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி ஹேண்டில்பாரை முறுக்கிப் பாருங்கள். நின்றபடியே உடம்பின் எடையை இரண்டு பக்கமும் மாறி மாறி அமுக்குங்கள். ஸ்டெம் விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். விரிசலைக் கண்ணைவிட நகம் முதலில் பிடிக்கும். பெடலில் எழுந்து நிற்பதை நான் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன், அதை யாரும் கேலி செய்யவில்லை. ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கப் பதினான்கு மாதம் ஆனது. முதுகுப்பையின் பட்டை பிளேட்டின் மேல் அழுத்தியதால் சாமான் எல்லாம் இப்போது ஃபிரேம் பையில்தான்.

புது ஹேண்டில்பாரில், டேப் மறைக்கும் இடத்தில், மாட்டிய தேதியை அழியாத மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு வண்டி கழுவுகிற அன்று டேப்பை முழுசாகப் பிரித்து, துடைத்து, வெயிலில் பார்த்துவிட்டுத்தான் சந்தனம் குங்குமம். போன வருஷம் இடது லீவருக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெள்ளைப் பொடி இருந்தது. தேய்த்துப் பார்த்தேன், அடியில் குழி விழுந்திருந்தது. பொட்டு வைக்காமலே அந்த ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டேன். ஒரு வாரம் பஸ்ஸில் போனேன்.